டாப் லோடு யாருக்கு நல்லது?

இன்று காலையில் என் ஃப்ரன்ட் லோடு வாஷிங் மெஷின் வீடே அதிரச் சத்தம் போட்டது. பாரிவாக்கத்தில் எங்கள் வீட்டுக்கு வந்த மெக்கானிக், அதைக் கழற்றிப் பார்த்துவிட்டு, வீல்சேரில் இருந்த என்னைத் தாண்டி என் தம்பியிடம் பேசினார்.

“பேரிங் போயிடுச்சு அண்ணாத்தே. டிரம்மையே வெளிய எடுக்கணும். இதத் தூக்கிப் போட்டுட்டு டாப் லோடு வாங்கிக்குங்க. ரிப்பேர் வந்தாலும் சுளுவா பாத்துடலாம்.”

தம்பியும் தலையாட்டினான்.

“மெஷின் என்னோடது. என்கிட்ட சொல்லுங்க,” என்றேன்.

“டாப் லோடுதான் நல்லதும்மா.”

“யாருக்கு?” என்று கேட்டு, பக்கத்தில் இருந்த ஸ்டூலைக் காட்டினேன். “இதுல உக்காந்துக்கிட்டு, எழுந்திரிக்காம, அந்தக் காலி தண்ணி டிரம்முக்குள்ள அடியில கிடக்குற சொம்பை எடுங்க பாக்கலாம்.”

உட்கார்ந்து பார்த்தார். கை பாதிக்கு மேல் போகவில்லை.

“மாட்டி உட்டுட்டீங்களே மேடம்!” என்று சிரித்துவிட்டு, பேரிங் வாங்கப் பூந்தமல்லிக்குக் கிளம்பினார்.

தம்பிக்குத்தான் முகம் வாடிவிட்டது. “நான் துவைச்சுக் குடுக்க மாட்டேனாக்கா?”

“குடுப்படா. ஆனா என் துணியை எப்போ துவைக்கணும்னு நீ முடிவு பண்ணுவ. அது எனக்கு வேணாம்.”



சாயங்காலம் மெஷின் அமைதியாக ஓடியது. முதல் லோடு முழுக்க என் துணிதான். நானே போட்டேன், நானே எடுத்தேன்.

உங்கள் வீட்டில் மெஷினைத் தேர்ந்தெடுத்தது யார்? துவைக்கிறவரா, துவைக்காமலே யோசனை சொல்கிறவரா?