நீல நாக்குச் சிங்கம்

என் தம்பி மகள் சென்னையில் கம்ப்யூட்டர் விளையாட்டுகளுக்குப் படம் வரைகிறாள். ஆடுகிறவர் தானே வீரனாகவோ மந்திரவாதியாகவோ மாறி, காடு மலை தாண்டிப் போகிற கதை விளையாட்டாம். அதில் கோட்டை வாசலில் காவல் நிற்கும் சிங்கம் இவள் வரைந்தது. பிடரி தீயாக எரியும். வாய்க்குள் நாக்கு மட்டும் நீலம்.

போன பொங்கலுக்கு வந்தவள், அந்த நாக்கை வைத்து நடக்கும் சண்டையைப் போனில் காட்டினாள். விளையாட்டுப் பிரியர்கள் படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்க்கிறார்கள். விஷம் குடித்த சிங்கம் என்கிறான் ஒருவன். இன்னொருவன், பழைய விளையாட்டு ஒன்றில் வந்த நீலப் பாம்புக்குச் செய்த மரியாதை இது என்று இரண்டு படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டு அடித்துப் பேசுகிறான்.

"நான் யாருக்கோ மரியாதை பண்ணியிருக்கேன்னு கண்டுபுடிச்சிட்டாங்க அத்தை. யாருக்குன்னு எனக்கே தெரியாது. நம்ம வூட்டு ஷோகேஸ்ல இருக்கிற சிங்கத்தைப் பாத்துதான் வரைஞ்சேன். அதுக்கு ஏன் நீல நாக்கு?"

எனக்கு நாலு பேர் எதிரில் பேச வராது. எழுதித் தருகிறேன், நீயே அவர்களுக்குச் சொல்லிக்கொள் என்றேன்.

அந்த ஷோகேஸ் சிங்கம் பிறந்தபோது நான் நாலாவது படித்தேன். அம்மா, விருத்தாசலத்தில் ஒரு பீங்கான் பொம்மைக் கொட்டகையில் வேலை பார்த்தாள். ஆறு வருஷம் களிமண் பிசைந்தவள் கையில் அப்போதுதான் பிரஷைக் கொடுத்திருந்தார்கள். ஒரு தட்டு பொம்மை கெட்டாலும் திரும்ப மண்ணுக்கே போக வேண்டும் என்று மேஸ்திரி முதல் நாளே சொல்லிவிட்டார். அம்மா அந்தப் பிரஷைச் சாயங்காலம் கழுவி முந்தானையில் துடைக்கும்போது பார்க்க வேண்டும். குழந்தைக்குத் தலை துவட்டுவது போல இருக்கும்.

லீவு நாளில் நான் சோறு கொண்டு போவேன். ஒரு நாள் அம்மா கை கழுவப் போயிருந்தாள். பலகைத் தட்டில் பன்னிரண்டு சிங்கங்கள். கண், பிடரி எல்லாம் தீட்டி முடித்து, நாக்கு மட்டும் பாக்கி. பக்கத்தில் கிண்ணத்தில் மஞ்சள் சாயம் தயாராக இருந்தது. சிங்கத்துக்கு யாராவது மஞ்சள் நாக்கு வைப்பார்களா? அம்மாவுக்குத் தெரியவில்லை என்று எனக்குப் பாவமாக இருந்தது. இன்னொரு கிண்ணத்தில் நல்ல ரோஜா நிறம் இருந்தது. பன்னிரண்டு நாக்கையும் அதில் தீட்டினேன். கோடு ஒன்றுகூட வெளியே போகவில்லை. சூளைக்கு அடுக்குகிறவர் வந்து, "முடிஞ்சுதா பாப்பா?" என்றார். "முடிஞ்சுது மாமா" என்றேன். தூக்கிப் போய்விட்டார். அம்மா திரும்பி வருவதற்குள் சூளை வாயையும் அடைத்துவிட்டார்கள். நாக்குத் தீட்டிய பெருமையில் அம்மாவிடம் சொல்லக்கூட இல்லை. வெந்து வரட்டும், பார்த்துச் சந்தோஷப்படட்டும் என்று இருந்தேன்.

சாயம் சூளைக்குப் போகும்முன் தன் நிறத்தைக் காட்டாது என்பது எனக்கு எங்கே தெரியும்! மஞ்சள் வெந்தால் செங்கல் சிவப்பு. ரோஜா வெந்தால் நீலம்.

சூளை பிரித்த அன்று கொட்டகையே கூடிவிட்டது.

"ஏன்டி, சிங்கம் நாவப்பழம் தின்னுட்டு வந்திருக்குதா?" என்றாள் ஒருத்தி.

"இல்லக்கா, ஸ்கூல்ல இங்க் பாட்டிலை நக்கியிருக்கும்!"

மேஸ்திரி சிரிக்கவில்லை. "யாரு வேலை இது?" என்றார்.

அம்மா சிங்கத்தைப் பார்த்தாள். தூண் மறைவில் நின்ற என்னை ஒரு தரம் பார்த்தாள். "நான்தான் போட்டேன், மேஸ்திரி."

"எந்த ஊரு சிங்கத்துக்கு நாக்கு நீலமா இருக்குது?"

"நீங்க எந்த ஊரு சிங்கத்தோட வாயைத் தொறந்து பாத்தீங்க?"

கொட்டகையே குலுங்கியது. பின்னால் நின்ற முதலாளியும் சிரித்துவிட்டார். "சரி, சரி. கடைக்கு அனுப்பிப் பாப்போம். எடுபடலைன்னா அந்தம்மா மண்ணுக்குப் போகட்டும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அம்மா என்னை அடிக்கவில்லை, ஒரு வார்த்தை கேட்கவும் இல்லை. மறுநாள் மேஸ்திரி பார்க்கவே அடுத்த தட்டை இழுத்து வைத்துக்கொண்டு ரோஜா நிறத்தைத் தொட்டாள். "இன்னிக்கும் நீலமா? உனக்கென்ன கிறுக்கா? வேலை போயிடும்டி" என்று பக்கத்தில் இருந்தவள் கையைப் பிடித்தாள்.

"என் சிங்கத்துக்கு நாக்கு இதான்" என்று அம்மா தீட்டிக்கொண்டே போனாள். நான் போட்ட கோடு எப்படியோ, அதே வளைவு. அதற்கப்புறம் அவள் கையிலிருந்து பிரஷை யாரும் வாங்கவில்லை. கடைக்காரர்கள் அந்தச் சிங்கம்தான் வேண்டும் என்று கேட்டார்களாம்.

நான் மட்டும் அம்மாவோடு மூன்று நாள் பேசவில்லை. சோறும் கொண்டு போகவில்லை. நான் செய்த தப்பை ஒன்றுக்கு நூறாக வரைந்து ஊர் ஊராக அனுப்பி என்னைக் கேலி செய்கிறாள் என்று, பாயில் குப்புறப் படுத்து அழுதேன்.