மூன்று விரல் வாசற்படி

கடல் நடுவே ஒரு தீவில், சாத்தம் ஜெட்டியில் கப்பலிலிருந்து இறங்குகிற மூட்டைகளை எண்ணிக் கோடு போடுகிற வேலை பக்தவத்சலத்துக்கு. அரிசி இத்தனை, சிமென்ட் இத்தனை, வெங்காயம் இத்தனை, அதில் அழுகினது இத்தனை. டாலி கிளார்க் என்று பெயர். எட்டு வருஷத்தில் மெயின்லேண்டிலிருந்து வந்த கப்பல்களில், லீவில் இருந்த நாட்கள் போக, ஒன்றையும் அவர் விட்டதில்லை. கோடு போட்டுக்கொண்டே மறுபக்கத்து ஏணியில் ஜனங்கள் இறங்குவதையும் ஒரு கண்ணால் பார்த்துவிடுவார். அது வேலையில் சேராது, ஆனாலும் பார்ப்பார். அந்த ஏணியில் இறங்க வேண்டிய ஒரே ஆள், அவர் மனைவி விசாலாட்சி, போளூரில் தன் அப்பா வீட்டில் இருந்தாள்.

கல்யாணமாகி மூன்றாம் மாதமே இவர் கப்பலேறி வந்துவிட்டார். க்வார்ட்டர்ஸ் கிடைத்ததும் அழைத்துக்கொள்வதாகப் பேச்சு. சர்க்கார் காரியம், அது கிடைக்க மூன்று வருஷம் ஆயிற்று. கிடைத்த மாதம் பார்த்து அவள் கிணற்றடிப் பாசியில் வழுக்கி விழுந்தாள். இடுப்பெலும்பு கோணலாகக் கூடிவிட்டது. இடது கால் மடங்காது, உயரத் தூக்கவும் வராது. சமதரையில் இழுத்து இழுத்து நடப்பாள். க்வார்ட்டர்ஸுக்கோ ஏறிப்போக ஐந்து படிகள். சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு மறுபடியும் பேச்சலர் பாரக்கில் போய்ப் படுத்துக்கொண்டார்.

நடுவில் ஒரு தடவை லீவில் போய் வந்தார். அவர் திரும்பிய பிறகு அவளிடமிருந்து ஒரு இன்லேண்ட் லெட்டர் வந்தது. அதை அவர் எத்தனை தரம் படித்தார் என்பதை மட்டும் எண்ணி வைக்கவில்லை.

"எங்க வீட்டு வாசப்படி ஒரு சாண் ஒசரம். அப்பாவோ தங்கச்சியோ கை குடுத்தாத்தான் தாண்ட முடியுது. கோயிலுக்குப் போவணும்னாலும் ஆள் வேணும், சும்மா தெருவுல நிக்கணும்னாலும் ஆள் வேணும். வெளிய போறதுக்கு எப்பவும் ஒருத்தர் மூஞ்சியப் பாத்துக்கினு இருக்கேன். அங்க வந்தும் உங்க மூஞ்சியப் பாத்துக்கினு உக்காரணும்னா நான் வரல. யார் கையும் புடிக்காம நானா உள்ள போயி நானா வெளிய வர்ற மாதிரி ஒரு வாசப்படி போட்டீங்கன்னா எழுதுங்க, வர்றேன். கடலுக்கு நான் பயப்படல."

அவள் வருகிறேன் என்று எழுதியதில் மனுஷருக்குத் தலைகால் புரியவில்லை. உங்கள் மூஞ்சியைப் பார்த்துக்கொண்டு உட்கார மாட்டேன் என்று எழுதியதில் கொஞ்சம் வலிக்கவும் செய்தது.

ஜெட்டிக்கு எதிர்க்கரையில், ஃபெர்ரி ஏறினால் கால்மணி நேரத்தில், பாம்பூ ஃப்ளாட் என்கிற ஊர். அங்கே சரிவில் ஒரு துண்டு நிலம் பிடித்தார். வீடு கட்ட வந்தவர் ஹரிபதோ என்கிற வங்காளித் தச்சு மிஸ்திரி. பலகைச் சுவர், தகரக் கூரை, இரண்டு அறை. எல்லாவற்றுக்கும் தலையாட்டிய ஹரிபதோ வாசல் நிலையில் வந்து உளியைக் கீழே வைத்துவிட்டார். பக்தவத்சலம் நிலைக்குக் கீழ்ச்சட்டமே வேண்டாம், வாசல் தரையோடு தரையாக இருக்கட்டும் என்று சொன்னார்.

"நஹி பாபு. நீச்சே லக்டி இல்லேன்னா பாரிஷ்ல சௌகட் ஆடிப்போகும். தர்வாஜா பந்த் ஆகாது," என்றார் ஹரிபதோ, தனக்குத் தெரிந்த தமிழையும் சேர்த்துக்கொண்டு. கீழே கட்டை இல்லாவிட்டால் மழையில் நிலை ஆடிப்போகும், கதவு மூடாது என்று அர்த்தம்.

முனைக் கடைக்காரர் அப்துல் கனி, கீழக்கரைக்காரர், கூப்பிடாமலே வந்து சேர்ந்தார். "எட்டு மாசம் மழை பேயுற ஊரு பாபு. ஒரு சாணுக்குக் கொறைச்சலா படி வச்சா தண்ணி, பூரான், நத்தை எல்லாம் உம்ம பாயில வந்து படுத்துக்கிரும்."

"படுத்துக்கட்டும். வர வேண்டியவங்க வரணும் இல்ல?" என்றார் பக்தவத்சலம்.

சொல்லிவிட்டாரே தவிர, படியே இல்லாத வாசல் அவருக்கும் ஒப்பவில்லை. வெள்ளிக்கிழமை மஞ்சள் பூசிக் குங்குமம் வைக்க ஒரு படி இல்லாமல் அது என்ன வீடு? அவள் வந்து எதில் பூசுவாள்? படி வேண்டும், ஆனால் எவ்வளவு உயரம் என்பதுதான் கேள்வி. உன் கால் எவ்வளவு தூக்க வருகிறது, அளந்து எழுது என்று கடிதம் போட்டார். ஹரிபதோ மற்ற வேலைகளைப் பார்த்துக்கொண்டிருக்க, வாசல் திறந்தபடியே கிடந்தது.

இரண்டு கப்பல் கழித்துப் பதில் வந்தது. இன்லேண்ட் லெட்டருக்குள் எதையும் வைக்கக் கூடாது என்று அதிலேயே அச்சடித்திருக்கும். அவள் வைக்கவில்லை. தாளின் ஓரத்தில் ஊசியை விட்டு, சிவப்பு நூலால் மேலிருந்து கீழாக ஒரு நேர்தையல் போட்டிருந்தாள். பக்கத்தில் "இவ்ளோதான்" என்று ஒரே வார்த்தை. விரலை வைத்துப் பார்த்தார். நான்கு விரல் இருந்தது. அந்தத் தையலைத் தடவிக்கொண்டு அன்றைக்குச் சாப்பிடாமலே உட்கார்ந்திருந்தார்.

இன்னொருவராக இருந்தால் நான்கு விரலுக்குப் படி போட்டு வேலையை முடித்திருப்பார். எண்ணினதையே இரண்டாம் தடவை எண்ணிப் பார்க்கிற ஜாதி இவர். காலையில் ஜெட்டிக்குப் போகுமுன்னும், சாயங்காலம் வந்ததும் இடது காலில் ஒரு மூங்கில் பிளாச்சை வைத்துக் கட்டிக்கொண்டு, வாசலில் பலகைத் துண்டுகளை அடுக்கி, காலை இழுத்து இழுத்துத் தாண்டிப் பார்ப்பார். உள்ளே, வெளியே, உள்ளே, வெளியே. அக்கம்பக்கத்து ஜனம் வேலையை விட்டுவிட்டு வந்து நின்று பார்த்தது. பாபுவுக்குக் கப்பல் பார்த்துப் பார்த்துப் புத்தி பிசகிவிட்டது என்று கனி கடையில் பேசிக்கொண்டார்கள்.

அந்தக் கூத்தில் அவருக்கு இரண்டு விஷயம் தெரிந்தது. காலையில் நான்கு விரல் உயரம் தூக்குகிற கால் சாயங்காலம் மூன்றுதான் தூக்கும். அப்புறம், கட்டையின் உயரத்தைவிட அதன் விளிம்புதான் எதிரி. கூரான விளிம்பில் கால் நுனி இடித்து நிற்கும். விளிம்பு உருண்டிருந்தால் இடித்த காலும் வழுக்கிக்கொண்டு மேலேறிவிடும். படாக் மரத்தில், மூன்று விரல் உயரத்தில், இரண்டு பக்கமும் ஆமை முதுகு மாதிரி இழைத்துத் தரச் சொன்னார். ஹரிபதோ முணுமுணுத்துக்கொண்டே இழைத்தார். சும்மா சொல்லக் கூடாது, கை வைத்தால் எடுக்க மனசு வராது, அப்படி இழைத்துக் கொடுத்தார்.

மழைக்கு வேறு வழி செய்தார். கூரைத் தகரத்தை நான்கடி முன்னால் இழுத்தார். வாசலுக்கு முன் படிக்கட்டு வைக்காமல் மண் கொட்டி, தண்ணீர் வெளியே ஓடும்படி நீளச் சரிவாக்கிக் கெட்டித்தார். கதவின் அடியில் பழைய லாரி டயரை நறுக்கி ஒட்டவைத்தார். நத்தை விஷயத்தில் கனி சொன்னது தப்பு. கனி வீட்டு ஒரு சாண் படியில் நத்தை ஏறுவதைக் கனியையே கூப்பிட்டுக் காட்டினார். நத்தைக்கு ஒரு சாணும் மூன்று விரலும் ஒன்றுதான். டயர்தான் அதை நிறுத்தியது.

கடைசியாக, ஜெட்டியில் உடைத்த பழைய லாஞ்சுப் படகிலிருந்து ஒரு பித்தளைக் கைப்பிடியைக் கேட்டு வாங்கி நிலைக்காலில் மாட்டினார். கடித விஷயம் தெரிந்த கனி அதைப் பிடித்து ஆட்டிப் பார்த்தார்.

"கை வேணாம்னு எழுதுனது அவுக. நீரு உம்ம கைக்குப் பதிலா பித்தளையில ஒண்ணு மாட்டியிருக்கீரு. நல்ல புருஷன்," என்றார்.

கனி வேடிக்கைக்குச் சொன்னார். அது பக்தவத்சலத்துக்குச் சுருக்கென்று தைத்தது. ஏனென்றால் அவர் மனசில் ஒரே ஒரு காட்சி வருஷக்கணக்காக ஓடிக்கொண்டிருந்தது: அவர் உள்ளே நின்று கையை நீட்டுகிறார், அவள் அதைப் பிடித்துக்கொண்டு உள்ளே வருகிறாள். அந்தக் கைக்கு வேலையே இல்லாமல் ஒரு வாசலைப் பார்த்துப் பார்த்துச் செய்துவிட்டு, அந்தக் காட்சியையும் விடாமல் வைத்திருந்தார். ஆசைக்கு என்ன தெரியும்?

வீடு முடிந்தது. அவள் வரவில்லை. கால் முடியாத பெண்ணைக் கடல் தாண்டி அனுப்ப மாட்டேன் என்று மாமனார் பிடித்த பிடியில் நின்றார். ஒரு மழைக்காலம் போனது, இன்னொன்றும் போனது. அவளுடைய ஒவ்வொரு கடிதமும் ஒரே மாதிரி முடிந்தது: "அப்பா இன்னும் சரின்னு சொல்லல. படி இருக்குதா?" இவர் எழுதுவார்: "இருக்குது." வேறு என்ன எழுத? உன்னைப் பார்க்காமல் இருக்க முடியவில்லை என்று எழுதிப் பார்த்துக் கிழித்துப் போட்டார். மழை தகரத்தில் அறைகிற மாலைகளில் வாசலைப் பார்த்தபடி உட்கார்ந்து, படியை எண்ணெய் போட்டுத் துடைப்பார். மஞ்சள் மட்டும் பூசவில்லை. அது அவள் கையால் ஆகட்டும் என்று வைத்திருந்தார்.

மூன்றாம் வருஷம் மார்ச் மாதத்துக் கப்பலில் சிமென்ட் வந்தது. எண்பத்து நாலாவது மூட்டைக்குக் கோடு போட்டுவிட்டு ஏணியைப் பார்த்தார். எல்லோரும் இறங்கின பிறகு, கப்பலில் வேலை செய்கிற இரண்டு கலாசிகள் ஒரு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். நாற்காலியில் முகத்தைக் கடுகடுவென்று வைத்துக்கொண்டு விசாலாட்சி. பின்னால் பெட்டியோடு, மாமனார் கடைசியில் மனசு மாறித் துணைக்கு அனுப்பியிருந்த அவள் சித்தப்பா.

பென்சில் எங்கே விழுந்தது என்று அவருக்குத் தெரியவில்லை.

"வந்துட்டியா, விசாலம்?"

"மூட்டையாட்டம் எறக்கறாங்க பாருங்க. இதையும் உங்க கணக்குல எழுதிக்குங்க," என்றாள். அப்புறம் அவர் தலையைப் பார்த்து, "என்னாங்க, இவ்ளோ நரைச்சிப் போச்சி?" என்றாள்.

ஃபெர்ரியில் கலாசிகள் தூக்கிவிட்டார்கள். கரையிறங்கினதும் நாற்காலி வேண்டாம் என்றுவிட்டாள். சரிவின் அடியில் நின்று வீட்டைப் பார்த்தாள். சித்தப்பாவைப் பெட்டியோடு அங்கேயே நிறுத்திவிட்டு மெள்ள ஏறினாள். பக்தவத்சலம் முன்னால் ஓடிக் கதவைத் திறந்து, உள்ளே நின்று, அவரை அறியாமலே கையை நீட்டினார்.

அவள் நின்றாள்.

"கைய எடுங்க."

எடுத்தார்.

வலது காலை உள்ளே வைத்தாள். பித்தளையைத் தொடவில்லை. இடது காலை இழுத்தாள். கால் நுனி கட்டையில் இடித்தது, வழுக்கிக்கொண்டு மேலேறியது, இறங்கியது. உள்ளே வந்துவிட்டாள். அப்படியே திரும்பினாள், மறுபடி தாண்டி வெளியே போனாள்.

அவர் உள்ளே நின்றுகொண்டேயிருந்தார். அவள் வருவதற்காகத்தான் அவர் அந்தப் படியை இழைத்தார். அவள் போவதைப் பற்றி ஒருநாளும் நினைத்ததில்லை. சரிவில் அவள் தலை மறைந்ததும் பின்னாலேயே ஓடலாம் என்று ஒரு கால் எடுத்தார். அவள் எழுதிய கடிதம் ஞாபகத்துக்கு வந்தது. நின்றுவிட்டார். இத்தனை வருஷம் காத்திருந்ததைவிட அந்தப் பத்து நிமிஷம் நீளமாக இருந்தது.

அவள் வேர்த்து விறுவிறுத்துத் திரும்பி வந்தாள். கையில் ஒரு பொட்டலம்.

"முனைக் கடைக்குப் போனேன். மஞ்சள் வாங்கினேன்," என்றாள். "தனியாப் போனேன்."

மறுபடியும் தாண்டி உள்ளே வந்தாள். அவர் ஜாக்கிரதையாகக் கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். அவள் பொட்டலத்தை ஜன்னல் கட்டையில் வைத்துவிட்டு அவருக்கு முன்னால் வந்து நின்று, தன் கையை நீட்டினாள்.

"இப்ப குடுங்க."

"அதான் தாண்டிட்டியே. இப்ப எதுக்கு?"

"சும்மாத்தான்," என்றாள்.