ஒரு கைராசியும் நாலு ரேமும்

அந்தக் கட்டட வரைபட அலுவலகத்தில் அவரை ‘ஸ்கேல் அக்கா’ என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். ஆறு அங்குல எஃகு ஸ்கேல் ஒன்று எப்போதும் அவர் கைப்பையில் இருக்கும். புதுச் செருப்பு வாங்கினாலும் அளப்பார், வீட்டுக்கு அலமாரி வந்தாலும் அளப்பார். “கட்டிக்கிறதுக்கு முன்னாடி என்னையும் அளந்துதான் பாத்திருப்பா” என்பார் கணவர். “அரை அங்குலம் குறைஞ்சுது, போனா போகுதுன்னு விட்டேன்” என்பார் அக்கா.

இருபத்திரண்டு வருடமாக வரைகிறார். பென்சிலில் ஆரம்பித்துக் கணினிக்கு வந்தவர். பெரிய கட்டடம் எதுவானாலும் அவர் மேசைக்குத்தான் வரும். அப்படிப்பட்டவரின் கணினி மூன்று வாரமாக, வேலை சூடுபிடிக்கும் நேரமாகப் பார்த்து, நீலத் திரையைக் காட்டிவிட்டுப் படுத்துக்கொண்டது.

மூன்று வாரம் முன்புதான் முதலாளியின் மச்சான் வந்து நான்கு கணினிகளையும் ‘ஓவர்க்ளாக்’ செய்திருந்தார். அதாவது, தொழிற்சாலை வைத்துக் கொடுத்த வேகத்துக்கும் மேலே விரட்டுவது. கணினிக்குள் ஓடும் அடிப்படைத் துடிப்பை நூறிலிருந்து நூற்றெட்டுக்கு ஏற்றிவிட்டார். அன்றைக்கே அலுவலகம் அவருக்கு ‘டர்போ’ என்று பெயர் வைத்துவிட்டது. பாவம், அவர் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டார்.

புதன்கிழமை கணினி மறுபடி படுத்தபோது, டர்போ வந்து அக்காவின் நாற்காலியில் உட்கார்ந்து அதை மறுபடி கிளப்பினார். ஒரு பாட்டைப் போட்டார். கிரிக்கெட் ஸ்கோர் பார்த்தார். பத்து நிமிடம் காலாட்டினார். கணினி படுக்கவில்லை.

“பாத்தீங்களா மாமா? நான் உக்காந்தா ஜம்முனு ஓடுது. அக்காவுக்குக் கைராசி சரியில்ல.”

முதலாளி படித்தவர்தான். சுவரில் பொறியியல் பட்டம் கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்குகிறது. ஆனாலும் அத்தனை பேர் முன்னாலும் சொன்னார்: “திங்கக்கிழமையிலேருந்து நீங்க முன்மேசையில போன் எடுங்கம்மா. வரையறத வேற ஆள் பாக்கட்டும்.”

ஆண் தொட்டுக் கெட்டுப்போனால் அது மின்சாரக் கோளாறு. பெண் தொட்டுக் கெட்டுப்போனால் அவள் கைராசி. செயற்கைக்கோள் விடுகிற காலத்திலும் இந்தக் கணக்கு மட்டும் மாறுவதில்லை.

அக்கா அழவில்லை, சண்டையும் போடவில்லை. ஒரு நோட்டை எடுத்தார். மூன்று வாரத்தில் பதினோரு தடவை கணினி நின்றிருந்தது. ஒவ்வொரு தடவையும் எந்த வரைபடம் திறந்திருந்தது, அது எவ்வளவு பெரியது என்று நினைவுபடுத்தி எழுதினார். பதினொன்றும் பெரிய வரைபடங்கள். சின்ன வீடுகள் வரைந்தபோது ஒரு தடவைகூட நிற்கவில்லை.

பிறகு கணினியின் பக்கவாட்டு மூடியைக் கழற்றிப் பார்த்தார். பெரிய வரைபடங்களுக்காக அவர் கணினியில் மட்டும் கூடுதல் ரேம், அதாவது நினைவக அட்டைகள், போட்டிருந்தார்கள். நாலு இடத்திலும் நாலு. மற்றவற்றில் இரண்டிரண்டுதான். மதர்போர்டின் கையேட்டைத் தேடினார். ஆடாமல் நிற்பதற்காக அது பிரிண்டரின் ஒரு காலுக்கு அடியில் கிடந்தது. அதன் வாழ்க்கையில் முதல்முறையாக ஒருவர் அதைப் பிரித்தார்.

விஷயம் அதில் இருந்தது. அடிப்படைத் துடிப்பை ஏற்றினால் ப்ராசசர் மட்டும் வேகமாக ஓடாது. ரேமும் கூடவே இழுபட்டு ஓடும். 3200 வேகம் என்று அச்சடித்த ரேம் சத்தமில்லாமல் 3456-இல் ஓடிக்கொண்டிருந்தது. இரண்டு ரேம் இருக்கிற கணினி பல்லைக் கடித்துத் தாங்கும். நாலு இடமும் நிரம்பியது தாங்காது. பாட்டுக் கேட்கிறவருக்கு அது தெரியப்போவதில்லை. ரேமின் ஒரு மூலையைத்தான் அவர் தொடுகிறார். முழுக்க நிரப்பி வேலை செய்கிறவர் தலையில்தான் விடியும்.

வியாழக்கிழமை சாப்பாட்டு இடைவேளையில் ரேம் சோதனையை ஓடவிட்டார். பத்து நிமிடத்தில் நாற்பத்தொரு பிழை.

“டெஸ்டே தப்பா இருக்கும்கா” என்றார் டர்போ.

வெள்ளி காலை அக்கா முதலாளியையும் கூட்டத்தையும் கூப்பிட்டு நிறுத்தினார். “தம்பி, நீங்களே உக்காருங்க. நான் வரையற ஏழு மாடி ஆஸ்பத்திரியைத் திறங்க. நான் பத்தடி தள்ளி நிக்கிறேன், கையையும் பின்னால கட்டிக்கிறேன்.”

டர்போ திறந்தார். கட்டடத்தைச் சுற்றிக் காட்டினார். ஐந்தாம் மாடிக்குப் போனதும் நீலத் திரை.

“அக்கா பாத்துட்டே இருந்தாங்க மாமா, அதான்...”

“ஏன் தம்பி, கைராசி போய் இப்ப கண்ராசியா?” என்றார், வரைபடங்களைப் பெரிய தாளில் அச்சடிக்கும் பிளாட்டரை ஓட்டும் பெண். கூடமே சிரித்தது.

அக்கா கணினியின் அமைப்புத் திரைக்குள் போய், துடிப்பைத் தொடாமல், ரேமை மட்டும் ஒரு படி இறக்கி 2933-இல் வைத்தார். ஏறிய துடிப்போடு சேர்த்தால் அது 3168, அச்சடித்த அளவுக்குள்ளேதான். சோதனை நாலு மணி நேரம் ஓடியது. ஒரு பிழையும் இல்லை. ஆஸ்பத்திரியும் மொட்டைமாடி வரை திறந்தது.

மாலையில் முதலாளி அவரைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். “சரிம்மா, நீங்க பழைய சீட்லயே இருங்க. இத இதோட விட்டுடுவோம்.”

“ப்ராசசர் வேகம் அப்படியேதான் இருக்கு சார், அதுல நான் கை வைக்கல. ஆனா என்னைச் சொன்னது கூடத்துல. விடறது மட்டும் ரூம்லயா?”

முதலாளி நாற்காலியைப் பின்னால் தள்ளினார். பிறகு எழுந்து வெளியே வந்து தொண்டையைச் செருமினார்.

“எல்லாரும் கேளுங்க. அக்கா மேல தப்பு இல்ல. தப்பு ரேம் மேல.”

“ரேம் மேலயும் இல்ல சார். அதால எவ்வளவு முடியும்னு அது நெத்தியிலேயே அச்சடிச்சிருக்கு. படிக்காம விரட்டினது யாரு?”

டர்போ மின்விசிறியை ஆராய்ந்துகொண்டிருந்தார்.

“என் மச்சான்” என்றார் முதலாளி. அதோடு நிறுத்தியிருக்கலாம், ஆனால் அக்கா இன்னும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். “அவன் பேச்சைக் கேட்டு உங்க கையைக் குறை சொன்னது நான். தப்புதாம்மா.”

“சரி சார்.”

அக்கா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து ஐந்தாம் மாடியைத் திறந்தார். அங்கே ஒரு கழிவறைக் கதவு மூன்று வாரமாகத் தப்பான பக்கம் திறந்துகொண்டிருந்தது.