காது கேளாத விருந்தாளி

என் வீட்டுக்கும் என் சிநேகிதி வீட்டுக்கும் நடுவில் ஒரு பள்ளம்தான். கோத்தகிரிக்குச் சற்றுத் தள்ளி, தேயிலைச் சரிவின் மேல் என் வீடு. எதிர்ச் சரிவில் கேரட்டும் முட்டைக்கோசுமாக அவள் தோட்டம், அதன் தலைமாட்டில் தகரக்கூரை போட்ட அவள் வீடு. முன்பெல்லாம் ஒற்றையடிப் பாதையில் இறங்கி, ஓடையைத் தாண்டி ஏறிவிடுவேன். முட்டி ஆபரேஷனுக்குப் பிறகு அது நடக்கவில்லை. பஸ்ஸில் போவதென்றால் டவுனுக்குப் போய் வேறு பஸ் மாற வேண்டும், இறங்கிய பிறகும் ஓர் ஏற்றம் இருக்கிறது. அவளுக்கோ இடுப்பு வலி. இப்படியாக, எதிரெதிரே இருந்துகொண்டு இரண்டு கிழவிகள் முகம் பார்க்காமலே காலத்தை ஓட்டினோம்.

போன் இருந்ததே என்பீர்கள். நான் வேலை பார்த்ததே டெலிபோன் எக்ஸ்சேஞ்சில்தான். அந்தக் கருவியை நான் நம்புவதில்லை. போனில் எல்லோரும் நன்றாகத்தான் இருக்கிறார்கள். வெளிநாட்டில் இருக்கும் என் மகள் நன்றாக இருக்கிறாள், அவளிடம் நானும் நன்றாக இருக்கிறேன். வீட்டுக்காரர் போன பிறகு, பேச ஆளில்லாமல் குக்கர் விசிலுக்கு "வர்றேன் வர்றேன்" என்று பதில் சொல்லிக்கொண்டிருந்ததை மகளிடம் நான் ஏன் சொல்லப் போகிறேன்?

மகளும் மாப்பிள்ளையும் லீவுக்கு வந்தபோது மலையைப் படம் பிடிக்க ஒரு ட்ரோன் கொண்டு வந்தார்கள். உள்ளங்கையில் அடங்கிவிடும் சாமான். புதுசு ஒன்று வாங்கப் போவதாகச் சொல்லி, இதை அலமாரியில் போட்டுவிட்டுப் போனார்கள். எனக்கு வேண்டாத பொருளைக் கண்டாலே எரிச்சல். தூக்கிப் போடவும் மனசு வரவில்லை. யூடியூபில் பார்த்துப் பார்த்து நானே கற்றுக்கொண்டேன். முதல் வாரமே சில்வர் ஓக் மரத்தில் போய் மாட்டியது. திரையைப் பார்க்க ஒரு கண்ணாடி, வானத்தைப் பார்க்க ஒரு கண்ணாடி. வெயில் அடித்தால் திரை தெரியாது, முந்தானையைத் தலைக்கு மேல் இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். கொழுந்து பறிக்க வரும் பெண்கள் என்னைப் பார்த்துச் சிரிப்பார்கள். சிரிக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

பள்ளத்தைத் தாண்டி அவள் வாசலுக்கு அதை முதன்முதலில் ஓட்டிப் போன அன்று, அவள் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். அண்ணாந்து பார்த்தாள். நான் முன்பே போனில் சொல்லி வைத்திருந்தேன், ஆனாலும் ஈரப் புடவையை மார்போடு பிடித்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டாள். தலை முழுக்க நரைத்திருந்தது.

அதன் பிறகு தினமும் காலையில் போய் வந்தேன். மத்தியானத்துக்கு மேல் மஞ்சு மூடிவிடும், அப்போது எதையும் பறக்கவிட முடியாது. அவள் அதை விருந்தாளியாகவே நடத்தினாள். "வாங்க வாங்க" என்று உதடு அசையும். ஆளுயரத்துக்கு இறக்கி நிறுத்துவேன், அவள் பாட்டுக்குப் பேசிக்கொண்டே இருப்பாள். அதில் படம் மட்டும்தான் வரும், சத்தம் வராது என்று சொன்னேன்.

"அதுக்குக் காது கேக்காதுன்னு எனக்குந் தெரியுமுங்க்கா. அதுக்காக, வந்தவங்ககிட்டப் பேசாம நிக்க முடியுங்களா?" என்றாள்.

அவள் மகன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறான். ரொம்ப நாளாகவே தன்னோடு வந்துவிடும்படி அம்மாவை நச்சரித்துக்கொண்டிருந்தான். விழுந்து கிடந்தால் பார்க்க யார் இருக்கிறார்கள் என்பதுதான் அவன் கேள்வி. தினமும் ட்ரோனைப் பறக்கவிட்டு நான் பார்க்கிறேன் என்றேன். அவனும் ஒத்துக்கொண்டான். ஞாயிறுதோறும் எனக்குப் போன் செய்வான். "அம்மாவைக் கேட்டா நல்லாருக்கேன்னுதான் சொல்லுவாங்க. நீங்க கண்ணால பாத்ததைச் சொல்லுங்க பெரியம்மா, நம்பறேன்" என்பான். நானும் கண்டதைச் சொல்வேன். அவள் தன் வீட்டில் இருக்க முடிந்தது அந்தச் சொல்லால்தான். எனக்கு ஒரு துணை இருந்ததும் அதனால்தான்.

ஒரு நாள் அவள் கையைக் காட்டி, கீழே இறக்கச் சொன்னாள். வாசலில் இறக்கினேன். அப்புறம் திரையில் அவள் சேலைக் கொசுவம் மட்டும் தெரிந்தது. என்னவோ துடைக்கிறாள் போலிருக்கிறது என்று நினைத்தேன். கை அசைத்துவிட்டு ஒதுங்கியதும் மேலே கிளப்பினேன். ஒரு பக்கமாகச் சாய்ந்துகொண்டே வந்தது. பாதிப் பள்ளம் தாண்டியதும் படம் சுற்றியது, பிறகு இலை, பிறகு ஒன்றுமில்லை.

மறுநாள் கொழுந்து பறிக்கும் பெண்கள் தேயிலைச் செடிக்குள்ளிருந்து எடுத்து வந்து கொடுத்தார்கள். இறக்கை உடைந்திருந்தது. அதன் வயிற்றில் பூ கட்டும் நூலால் ஒரு பிளாஸ்டிக் பை. பைக்குள் நசுங்கிய தவிட்டுப்பழம், எனக்குப் பிடிக்கும் என்று வேலியோரம் தேடிப் பறித்தது.

போனில் கத்தினேன். "இத்தனை நாள் வந்துட்டுப் போகுது, ஒரு நாளாச்சும் வெறுங்கையோட அனுப்பாம இருக்கலாமேன்னு பார்த்தேனுங்க்கா" என்றாள். அதற்கு மேல் எப்படித் திட்டுவது? அந்தப் பழத்தைக் கழுவித் தின்றேன்.

ரிப்பேருக்குக் கோயம்புத்தூர் போன சாமான் திரும்பி வர மழைக்காலமே முடிந்துவிட்டது. அதுவரை போன் மட்டும்தான். அவள் நன்றாக இருந்தாள், நானும் நன்றாக இருந்தேன். அவள் மகனிடம், நான் பார்க்கவில்லை, ரிப்பேரில் இருக்கிறது என்று உள்ளதைச் சொன்னேன்.

வந்த அன்றைக்கே கிளப்பினேன். என்னைக் கண்டதும் வாசல் நடுவில் நிமிர்ந்து நின்று சிரித்தாள். சந்தோஷமாகத் திரும்பினேன். திரும்பும் வழியில் சும்மா ஒருதரம் கேமராவை அவள் பக்கம் திருப்பினேன். நான் போய்விட்டதாக நினைத்துவிட்டாள். சுவரைப் பிடித்துக்கொண்டு, ஒரு காலை இழுத்து இழுத்து, படி ஏற முடியாமல் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

போனில் கேட்டேன். நல்லாருக்கேன் என்றாள். கண்டதைச் சொன்னேன். பிறகுதான் உள்ளதைச் சொன்னாள். மழையில் மாட்டுக் கொட்டகையில் வழுக்கி விழுந்தாளாம். பால்காரர் வரும்வரை தரையிலேயே கிடந்தாளாம்.

"அவன்கிட்டச் சொல்லீராதீங்க்கா" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. போன் அடித்தது. எடுக்காமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். நன்றாக இருக்கிறாள் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அவள் எதிரிலேயே இருப்பாள். அந்த ஒரு வார்த்தையை நான் வாழ்நாள் முழுக்க ஆயிரம் பேர் சொல்லக் கேட்டிருக்கிறேன். எனக்கு அவள் வேண்டும். அவளை விட்டால் இந்த மலையில் என்னைப் பெயர் தெரிந்து விசாரிக்க ஆளில்லை. இதையெல்லாம் நினைத்துக்கொண்டேதான் எடுத்தேன்.

கண்டதைச் சொன்னேன். சொல்லும்போதே அழுதுவிட்டேன். அவன் என்னைத் தேற்றினான், அது இன்னும் கஷ்டமாக இருந்தது.

அடுத்த ஞாயிறு அழைத்துப் போக வருவதாக அவளிடம் அவன் சொல்லிவிட்டான். அந்த வாரம் முழுக்க எனக்கு அந்தப் பக்கம் ஓட்டத் தைரியம் வரவில்லை. அவளும் கூப்பிடவில்லை. சனிக்கிழமை காலையில் மனசு கேட்காமல் கிளப்பினேன்.

வாசலில் நின்றிருந்தாள். காத்திருந்த மாதிரிதான் இருந்தது. கையில் கம்பு. இந்தத் தடவை நிமிர்ந்து காட்டவில்லை. முகத்துக்கு நேராக இறக்கினேன். பேச ஆரம்பித்தாள். சிரிக்கவில்லை, அழவும் இல்லை. இடையில் ஒருதரம் கம்பைத் தரையில் தட்டினாள். ஒருதரம் கையைக் கேமராவுக்கு வெகு அருகில் கொண்டுவந்து, தொடாமல் எடுத்துக்கொண்டாள். சார்ஜ் குறைகிறது என்று மெஷின் கத்த ஆரம்பித்த பிறகும் பேசிக்கொண்டே இருந்தாள். திட்டினாளா, விடை சொன்னாளா, எனக்குத் தெரியவில்லை. உதட்டைப் பார்த்துப் பேச்சைக் கண்டுபிடிக்க நான் படித்ததில்லை.

சாயங்காலம் அவளே போன் செய்தாள். முட்டைக்கோசைக் கேட்பாரில்லை என்றாள். மாட்டைப் பால்காரர் ஓட்டிக்கொண்டு போய்விட்டாராம். நானும் சாப்பிட்டாயா என்று கேட்டேன். கடைசியில் பொறுக்க முடியாமல், "காலையில என்னமோ சொன்னியே, என்ன சொன்னே?" என்றேன்.

"அதுகிட்டச் சொன்னதுங்க்கா. உங்ககிட்ட இல்ல" என்றாள்.

மறுநாள் காலையில் எதிர்ச் சரிவில் கார் கிளம்பும் சத்தம் கேட்டது. வளைவுக்கு வளைவு குறைந்துகொண்டே போனது. நான் வாசலில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு, அது நிற்கும்வரை கேட்டுக்கொண்டிருந்தேன்.