ஷெட்டுக்குள் ஒரு பள்ளம்

திருப்பதியில் ஜீப்புகளை உயர்த்திக் கொடுக்கும் பட்டறையில்தான் அவரைப் பார்த்தேன். நகரிப் பக்கத்து மாந்தோப்புக்காரர். மடித்துக் கட்டிய வேட்டி, காதில் செருகிய பென்சில். பேசும்போதே பக்கத்தில் இருப்பதையெல்லாம் சாணால் அளந்துகொண்டிருப்பார். உயர்த்துவதற்காக நான் கொண்டுபோயிருந்த ஜீப்பின் டயரையும் விடவில்லை.

போன தடவை இங்கேதான் ஸ்பிரிங்குக்கு மேல் ஸ்பேசர் என்கிற கட்டையை வைத்து ஜீப்பை இரண்டு அங்குலம் தூக்கியிருக்கிறார். வீட்டுக்குப் போனால், ஷெட்டின் வாசக்காலில் ஜீப்பின் கூரை இடித்ததாம்.

“வாசக்கால ஏத்தி வெச்சிருக்கலாமே?” என்றேன்.

“பூஜ போட்டு நிறுத்துனது சார். அதுல போயி கைய வெப்பாங்களா? ஷெட்டுத் தரைய தோண்டிட்டேன்.”

தோண்டிய இடத்தில் மழைத் தண்ணீர் நின்று சேறாகிவிட்டது. இன்று டிராக்டர் கட்டி இழுத்துத்தான் ஜீப்பை வெளியே எடுத்தாராம். அதனால் இன்னும் உயரமான ஸ்பிரிங் வேண்டும்.

“மறுபடியும் வாசக்கால் இடிக்குமே?”

“இடிச்சா இன்னும் கொஞ்சம் தோண்டிக்கறது.”

“மொதல்ல எதுக்கு உசத்துனீங்க?”

“தோப்புக்குப் போற வழியெல்லாம் கல்லு சார். அடியில இடிச்சிக்கினே இருந்துச்சி.”

“இப்போ?”

“இப்போ சிமெண்ட் ரோடு போட்டுட்டாங்கோ. சும்மா வழுக்கிக்கினு போவுது.”

நான் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தபோது மெக்கானிக் என் பக்கம் திரும்பினார். “நீங்க எந்த மாதிரி வழியில ஓட்டுவீங்க சார்? அதுக்கேத்த ஸ்பிரிங்தான் போடணும்.”

வீட்டிலிருந்து ஆபீஸ், ஆபீஸிலிருந்து வீடு. முழுக்கத் தார் ரோடு. தோப்புக்காரரும் என் பதிலுக்காக ஆவலாகக் காத்திருந்தார்.

அவருக்காவது சொந்தமாக ஒரு பள்ளம் இருந்தது.