டிக்கிரியின் சாவுக்கு வந்த கங்காணி

ஐம்பத்திரண்டு வயது, முப்பத்துமூன்று வருஷ மலை வேலை. ஸ்பிரிங்வெளி தேயிலைத் தோட்டத்தில், மேல் லயத்து வரிசை வீட்டில் இருக்கும் பரிமளம் இத்தனை காலத்தில் ஒரே ஒரு பொய்தான் சொல்லியிருக்கிறாள் என்பார்கள். அதைச் சொன்னது 2025 ஜூலை 6, ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பதரைக்கு.

டிக்கிரி அவளுடைய பெட்டை நாய். புருஷன் செத்த வருஷம் கொழுந்து நிறுக்கும் மடுவத்துக்குப் பின்னால் கண் திறக்காத குட்டியாகக் கிடைத்தது, ஒன்பது வருஷமாகிறது. மகள் கொழும்பில் துணிக்கடையில் வேலை. ஆகவே லயத்து அறையில் இருந்தது இரண்டே உயிர். காலையில் பெரட்டுக் களத்தில் கங்காணி பேர் கூப்பிட்டு மலை பிரித்துக் கொடுக்கும்போது நாயும் வரிசையில் நிற்கும். "டிக்கிரிக்கும் பேர் போடுங்க கங்காணி" என்று பெண்கள் கேலி பண்ணுவார்கள். "அது உங்கள விட ஒழுங்கா வருது" என்பார் கங்காணி ரெங்கசாமி.

வெள்ளிக்கிழமை பின்னேரம் டிக்கிரியைக் காணவில்லை. ரெங்கசாமி ஆற்றோரத்தில் போஞ்சிக் காய்த் தோட்டம் போட்டிருந்தார். காட்டுப்பன்றி அதைக் கிளறிப் போட்டதும், அவர் ஒரு வாரமாகப் பல்லைக் கடித்துக்கொண்டு திரிந்ததும் எல்லாருக்கும் தெரியும். பரிமளம் நேராக அவர் வாசலுக்குப் போனாள்.

"கங்காணி அண்ணே, போஞ்சித் தோட்டத்துல சுருக்குக் கம்பி ஏதும் போட்டிருக்கீங்களா? மறைக்காம சொல்லுங்க."

"பைத்தியமா ஒனக்கு? சிறுத்த மாட்டுனா நான்ல ஜெயிலுக்குப் போகணும்? மாரியம்மா சத்தியமா இல்ல."

சனிக்கிழமையும் கேட்டாள். அப்போதும் மாரியம்மன் மேல் சத்தியம். சாமி மேல் ஆணையிட்ட மனுஷனை நம்பி, ஆற்றுப் பக்கம் எட்டிப் பார்க்காமல், இரண்டு நாளும் றோட்டோரமெல்லாம் பேர் சொல்லிக் கத்திக்கொண்டு திரிந்தாள்.

ஞாயிறு விடிந்ததும் மனசு கேட்காமல் போஞ்சித் தோட்டத்து வேலிக்குக் கீழே இறங்கினாள். டிக்கிரி அங்கே கிடந்தது. இடுப்பில் கம்பி எலும்பு வரை இறங்கியிருந்தது. கொழுந்து மூட்டையை மலையிலிருந்து இறக்கக் கட்டியிருந்த பழைய இரும்புக் கயிற்றின் புரி அது. அந்தக் கயிறு ஸ்டோருக்குள் கிடக்கிறது. ஸ்டோர் சாவி ரெங்கசாமியின் இடுப்பில் தொங்குகிறது.

கொழுந்துச் சாக்கில் போட்டுத் தூக்கி வந்தாள். பக்கத்து அறை பாக்கியலெட்சுமி போன் பண்ண, பதுளையிலிருந்து மோட்டார் சைக்கிளில் மிருக வைத்தியர் ஸப்ரான் வந்தார். வயிற்றைத் தொட்டுப் பார்த்தார்.

"ஏலாது அக்கா. உள்ளுக்குக் குடல் அழுகிட்டு. வெள்ளிக்கிழமையே அவுத்திருந்தா காப்பாத்தியிருக்கலாம். இனி வேதனை இல்லாமப் போறதுக்கு ஊசிதான்."

வெள்ளிக்கிழமையே. அந்த ஒரு சொல் பரிமளத்துக்குள் இறங்கியது. அந்தக் கம்பியை ரெங்கசாமியின் இடுப்பில் சுற்றி ஒரு பகல் முழுக்க இழுத்துக் கட்டி வைக்கத் தோன்றியது.

"பொறுங்க டொக்டர். ஒருத்தர் வரணும்." பாக்கியலெட்சுமி பக்கம் திரும்பினாள். "கங்காணி வீட்டுல போய் சாவு சொல்லு. மேல் லயத்துல செத்துப்போச்சுன்னு மட்டும் சொல்லு. யாருன்னு கேட்டா, வந்து பாருங்கன்னு சொல்லு."

அதுதான் அந்தப் பொய். லயத்தில் சாவு விழுந்தால் முதலில் கங்காணி வர வேண்டும். தோட்டத்துத் துரைக்குச் சொல்வது, குழிக்கு ஆள் விடுவது எல்லாம் அவர் பொறுப்பு. வந்து உட்கார்ந்தவர் குழி மூடும்வரை எழும்பிப் போகக் கூடாது. போனால் நாளைக்கு அவர் வீட்டுச் சாவுக்கு ஒருத்தரும் வரமாட்டார்கள்.

கால் மணி நேரத்தில் ரெங்கசாமி வந்தார். வெள்ளை வேட்டி, தோளில் துண்டு, கையில் சாவு வீட்டுக்குத் தேயிலைத் தூளும் சீனியும். பின்னால் அவர் பெண்சாதி ரெங்கம்மா, அவளுக்குப் பின்னால் முப்பது பேர்.

"யாரு பரிமளம்? யாரு?"

"உக்காருங்க அண்ணே."

உட்கார்ந்த பிறகுதான் சாக்கைப் பார்த்தார். "நாய்க்கா என்னைய வேட்டி கட்ட வச்ச?"

"இன்னும் சாகல. நீங்க பாக்கணும்னுதான் வச்சிருக்கேன்."

கூட்டத்தில் யாரோ களுக்கென்று சிரித்து, பாக்கியலெட்சுமி முறைத்ததும் அடங்கிவிட்டார்கள். பரிமளம் இரத்தம் காய்ந்த கம்பியை அவர் மடியில் போட்டாள்.

"இது யாரோடது?"

"பன்னிக்குப் போட்டது. நாய் போய் மாட்டுனா நான் என்ன..." பாதியில் வாயை மூடிக்கொண்டார்.

"என்னங்க, எங்கிட்டயும் இல்லன்னுதானே சத்தியம் பண்ணுனீங்க?" என்றாள் ரெங்கம்மா.

பரிமளத்துக்கு இது போதவில்லை. டிக்கிரி கம்பியில் கிடந்த இரண்டு ராத்திரிக்கு இரண்டு மணி நேரமாவது இவர் உட்கார்ந்து பார்க்கட்டும் என்றிருந்தது. அவர் முகத்தில் வியர்வை இறங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்போது டிக்கிரி மெல்லிசாக ஒரு சத்தம் போட்டது.

"அக்கா," என்றார் ஸப்ரான் தணிந்த குரலில், "அவரப் பாத்தது போதும். இதப் பாருங்க."

பார்த்தாள். நாயின் கண் அவள் மேலேயே இருந்தது. கங்காணி வந்ததோ கூட்டம் நின்றதோ அதற்குத் தெரியாது. ஆளனுப்பி அரை மணி நேரம் போயிருந்தது. அந்த அரை மணி நேர வேதனையைத் தந்தது கங்காணி அல்ல, அவள்தான்.

"போடுங்க டொக்டர். பின்னங்கால அவரு புடிக்கட்டும்."

ரெங்கசாமி பிடித்தார். பரிமளம் நாயின் நெற்றியில் கன்னத்தை வைத்தாள். "இங்கதான் இருக்கேன்டி. கண்ண மூடு." கண் மூடவில்லை. மூச்சு மட்டும் நின்றது. அவள் அசையாமல் அப்படியே கிடந்தாள்.

நாயின் காலை விட்டுவிட்டு ரெங்கசாமி எழுந்தார். "நான் போகவா?"

"குழிக்கு ஆள் விடுங்க."

"நாய்க்குக் குழி வெட்ட எவன் வருவான்?"

ரெங்கம்மா பரிமளத்தின் அறைக்குள் போய் மம்பட்டியை எடுத்து வந்து புருஷன் காலடியில் வைத்தாள்.

லயத்துக்குக் கீழே, வெள்ளை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அவரே வெட்டினார். முழங்கால் ஆழம் வந்ததும் நிறுத்தி மேலே பார்த்தார்.

"இன்னும் ஆழமா வெட்டுங்க அண்ணே," என்றாள் பரிமளம். "பன்னி கிளறும்."

திங்கட்கிழமை அவள் பெரட்டுக்குப் போகவில்லை. கம்பியைச் சீனிப் பையில் சுற்றிக்கொண்டு, பஸ் பிடித்து வனசீவராசிகள் காரியாலயத்துக்குப் போனாள். கங்காணி மேல் போட்ட வழக்கு வரும் மாதம் பதினெட்டாம் திகதி பதுளையில் எடுக்கப்படுகிறது. முதல் சாட்சி ரெங்கம்மா.