லினோவில் வெட்டிய முகம்

அச்சுப்படம் பழக வருகிறவர்களுக்கு நான் முதல் நாளில் கத்தி கொடுப்பதில்லை. முகம் பார்க்கும் கண்ணாடியைக் கொடுத்து, பத்து நிமிடம் தங்கள் முகத்தையே பார்க்கச் சொல்வேன். சிலர் சிரிப்பார்கள். ரீச்சருக்கு விசர் பிடித்துவிட்டது என்று நினைப்பார்கள். நினைத்துவிட்டுப் போகட்டும்.

யுத்தம் நடந்த காலத்தில் நான் திருகோணமலைத் துறைமுகத்துக்குக் கிட்ட ஒரு பள்ளிக்கூடத்தில் சித்திரம் படிப்பித்தேன். அடுத்த வீட்டில் என் வயதுப் பெண் ஒருத்தியும் அவளுடைய மனுசனும் இருந்தார்கள். அவருக்குச் சீனன்குடாவில் வேலை. ஒருநாள் காலையில் சைக்கிளில் போனவர் திரும்பி வரவில்லை. வழியில் வெடிச்சத்தம் கேட்டது, சனம் நாலு பக்கமும் ஓடியது என்பதற்கு மேல் யாருக்கும் ஒன்றும் தெரியவில்லை. மறுநாள் பற்றைக்குள் சைக்கிள் மட்டும் கிடந்தது.

அவள் ஏறி இறங்காத இடமில்லை. ஆஸ்பத்திரிக்குப் போனாள், அரசாங்கக் கச்சேரிக்குப் போனாள், ஒவ்வொரு காவலரணிலும் நின்று கெஞ்சினாள். எல்லாரும் கேட்டது ஒன்றைத்தான்: "படம் இருக்கா?" இருந்தது ஒரேயொரு படம். அதைக் கொடுத்துவிட்டால் திரும்பி வராது என்று நெஞ்சோடு பிடித்துக்கொண்டு வந்துவிடுவாள். ஸ்ரூடியோக்காரர் கடையைப் பூட்டிவிட்டு ஊரை விட்டுப் போய்விட்டார். மாதக்கணக்காகக் கரண்ட் இல்லை, போட்டோக்கொப்பி எடுக்க வழியில்லை. பள்ளிக்கூடத்தில் படியெடுக்கிற ரோணியோ இயந்திரத்தையோ, யாரும் துண்டுப்பிரசுரம் அடித்துவிடுவார்கள் என்ற பயத்தில் பூட்டி வைத்திருந்தார்கள்.

"இதுக்கு ஏன் மெசின்? லினோவில வெட்டி நாங்களே அடிப்பம்," என்றேன். எனக்கு எல்லாம் தெரியும் என்ற திமிர் அப்போது எனக்கு நிறைய இருந்தது.

பள்ளிக்கூட அலுவலகத்தில் பெயர்ந்து கிடந்த, ரப்பர் மாதிரியான தரைவிரிப்பு லினோலியத்தில் ஒரு துண்டு கொண்டுவந்தேன். பழைய குடைக்கம்பியின் நுனியைக் கல்லில் தீட்டினால் நல்ல உளி. ரோணியோ மை ரியூப் ஒன்று என் அலுமாரியில் மிச்சம் இருந்தது. குசினியில் அடுப்புக்குப் பக்கத்து மேசையில் இருவரும் உட்கார்ந்தோம். வெட்டும்போது உளி உடம்பை விட்டு அப்பால் போக வேண்டும், மற்றக் கை எப்போதும் உளிக்குப் பின்னால் இருக்க வேண்டும் என்று சொன்னேன். வெட்டி எடுத்த இடம் வெள்ளையாகவும் விட்ட இடம் கறுப்பாகவும் விழும். அதனால் முகத்தில் வெளிச்சம் விழும் இடத்தை மட்டும் வெட்டவேண்டும். அவருடைய மூக்கை வெட்டப் பயந்து அவள் உளியைக் கீழே வைத்தாள். "அவருக்கு நோகாது, வெட்டுங்கோ!" என்று அதட்டினேன். அந்த நாட்களில் என் வாய்க்குப் பூட்டு இருக்கவில்லை.

கீழே "இவரைக் கண்டீர்களா" என்று எழுத்து வர வேண்டும். பெயர் போடப் பயம், விலாசத்தை அவள் பின்பக்கத்தில் பென்சிலால் எழுதுவதாக ஏற்பாடு. பழகத் தொடங்குகிற எல்லாரும் விடுகிற பிழை எழுத்தை நேராக வெட்டுவது. நேராக வெட்டினால் தாளில் இடம் வலம் மாறி விழும். ஆகவே மறுபக்கம் தெரிகிற எண்ணெய்த்தாளில் எழுதி, அதைக் கவிழ்த்து லினோவில் பதித்தேன். "பாத்தீங்களோ, இது தெரியாமல்தான் கனபேர் மாட்டுப்படுறது," என்று பெருமையும் அடித்தேன். முகத்தை அதற்கு முதலே அவள் கார்பன் தாள் வைத்து, படத்தில் இருந்தபடியே நேராக லினோவில் இறக்கியிருந்தாள். அது என் கண் முன்னால்தான் நடந்தது.

லினோவில் முகம் நன்றாக வந்தது. நெற்றி, மீசை, முன்பு துறைமுகத்தில் வேலை செய்தபோது கயிறு அறுந்து அடித்ததால் இடது கன்னத்தில் வந்த நீளத் தழும்பு, எல்லாம். அவள் படத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்த்து, "இவர்தான், அப்படியே இவர்தான்," என்று அழுதாள். மையைப் போத்தலால் மெல்லியதாக உருட்டிப் பூசி, தாளை வைத்து, கரண்டி முதுகால் நடுவிலிருந்து வெளியே தேய்த்தேன். முதல் தாளை உரித்து அவளிடம் கொடுத்தேன். நீண்ட நேரம் பார்த்தாள்.

"ரீச்சர், இவர் கண்ணாடிக்கு முன்னால நிண்டு சேவ் எடுக்கேக்க நான் பின்னால நிண்டு பாப்பன். அப்பிடியே இருக்கு."

நான் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன். சந்தோசத்தில் நாற்பது தாள் அடித்தேன்.

தாள்களை மூதூர் போகிற லாஞ்ச் படகில் ஏறுகிறவர்களிடமும் குச்சவெளி பஸ்ஸில் போகிறவர்களிடமும் கொடுத்தோம். எங்களுக்கு மீன் கொண்டுவருகிற கிண்ணியா யாவாரியும் ஒன்றை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார். ஒரு மாதம் போனது. ஒருநாள் அவர் மீன் கூடையை இறக்கி வைத்துவிட்டுச் சொன்னார்:

"குச்சவெளிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில சனம் தங்கியிருக்குது, தங்கச்சி. ரெண்டு கிழமைக்கு முதல் அங்க ஒரு ஆளைக் கண்டனான். தலையில காயம், கதை பேச்சு இல்லை, பேரும் சொல்லத் தெரியேல்ல. கடுதாசியை எடுத்துப் பக்கத்தில வச்சுப் பாத்தன். நெத்தி, மூக்கு எல்லாம் சரி. தழும்பு மட்டும் மற்றப் பக்கம். இவரில்லையாக்கும் எண்டு வந்திட்டன்."

"எந்தப் பக்கம்?" என்று அவள் கேட்டாள். அவர் தன் இடது கன்னத்தைத் தொட்டுக் காட்டினார்.

அவள் உள்ளே போய்ப் படத்தைக் கொண்டுவந்தாள். தாளையும் பக்கத்தில் வைத்தாள். படத்தில் தழும்பு ஒரு பக்கம், தாளில் மற்றப் பக்கம்.  எழுத்தைத் திருப்பத் தெரிந்த நான் முகத்தைத் திருப்பவில்லை. கண்ணாடி என்று அவளே சொல்லியும் எனக்கு உறைக்கவில்லை. அறிவு கெட்டவள் நான், வேறு என்ன சொல்ல?

அடுத்த நாள் விடிய முதல் பஸ்ஸில் மூவரும் போனோம். பள்ளிக்கூடம் வெறுமையாகக் கிடந்தது. போன வாரம் அந்தப் பக்கம் ஷெல் விழுந்திருக்கிறது, சனம் கிடைத்த வள்ளங்களில் ஏறிப் போய்விட்டது. மிச்சமாய் நின்ற ஒரு அம்மா மட்டும், "ஓம், கதைக்காத பொடியன் ஒருத்தர் இருந்தவர். வள்ளத்தில ஏத்தினவங்கள். எங்க இறக்கினவங்களோ தெரியாது மகள்," என்றார். யாவாரி வாசற்படியில் குந்தி இருந்து தலையில் அடித்துக்கொண்டார். அடிக்க வேண்டியது என் தலையில்.

 திரும்பி வரும் வழி முழுக்க அவள் என்னை ஏசுவாள் என்று காத்திருந்தேன். ஏசியிருந்தால் நானும் அழுதிருப்பேன். வீட்டுக்கு வந்ததும் குடைக்கம்பியை எடுத்துக் கல்லில் தீட்டத் தொடங்கினாள்.

"இன்னொருக்கா வெட்டுவம், ரீச்சர்."

இந்த முறை எண்ணெய்த்தாளை அவளே கவிழ்த்து வைத்தாள். மூக்கையும் அவளே வெட்டினாள். நான் மை மட்டும் பூசிக் கொடுத்தேன். நாற்பது தாள் அடித்தோம். தழும்பு சரியான கன்னத்தில் இருந்தது. லாஞ்ச் ஏறுகிற இடத்தில் நின்று எல்லாத் தாள்களையும் கொடுத்து முடித்தோம். பார்த்தவர்கள் எல்லாரும் இல்லை என்று தலையாட்டினார்கள்.